உயர் நீதிமன்றமும் சபாநாயகரின் கையொப்பமும்

நீதியரசர்களைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு வழங்குகின்றது. நமக்கு உவப்பான தீர்ப்பு வரின் அவர்கள் அறத்தின் காவலர்; உவப்பற்ற தீர்ப்பு வரின் ஆட்சியாளரின் ஏவலர். தீர்ப்பினை நீதியரசரின் நெஞ்சுரத்தால் மட்டும் அளப்போர், அவர் கையில் எத்தகைய அதிகாரம் தரப்பட்டுள்ளது என்று கேட்க மறந்துவிடுகின்றனர். இலங்கையைப் பொறுத்தவரை அக்கேள்வியே முதன்மையானது.

கோடீஸ்வரன் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர், 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் செல்லாது என வழக்குத் தொடுத்தார். ஓர் இனத்தவருக்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டங்களைச் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு தடுத்திருந்தது. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்றது. 1967 இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட இயலாது எனக் கூறி, மொழிச் சட்டத்தின் செல்லுபடியைத் தொடாமலே விட்டது. 1969 இல் கோமறைக் கழகம் அம்முடிவை மாற்றி, மூல வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பிற்று. விடை வரவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவும் மறைந்தது.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இதே வழியில் நடந்தது. சட்டமூலம் ஒன்றினைப் பாராளுமன்றம் நிறைவேற்றுமுன் குறுகிய காலத்துள் எதிர்க்கலாம். நீதிமன்றமும் மூன்று வாரங்களுள் தன் முடிபினைக் கூறவேண்டும். சபாநாயகர் சான்றுரை எழுதிய பின்னர், 80(3) ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அச்சட்டத்தின் செல்லுபடியை வினவ முடியாது. ஒரு சட்டத்தின் கொடுமை அது நடைமுறைக்கு வந்து மனிதரைத் தீண்டும்போதே முற்றாகப் புலப்படும். அவ்வேளையிலேயே நீதிமன்றத்தின் கதவு சாத்தப்படுகின்றது.

1979 இல் மூன்றாண்டுகளுக்கென இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் கீழ் எத்தனையோ இளைஞர் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்ட பின்னரும், அச்சட்டமே செல்லாது எனத் தீர்க்கும் அதிகாரம் எந்த நீதியரசருக்கும் இருக்கவில்லை. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பற்றி, உயர் நீதிமன்றம் வேண்டிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. சபாநாயகரின் சான்றுரையை எதிர்த்த மனுவை அந்நீதிமன்றமே விசாரணைக்கு ஏற்கவில்லை. தன் சொல் பேணப்பட்டதா என்று பார்க்கவும் இயலாத மன்றினை உயர்ந்த மன்று என்று எவ்வாறு அழைப்பது?

2018 டிசெம்பரில் ஏழு நீதியரசர்கள் ஒருமித்து, பாராளுமன்றத்தைக் கலைத்த சனாதிபதியின் செயல் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அத்தீர்ப்புப் போற்றத்தக்கதே. ஆயின் அங்கு வினவப்பட்டது சனாதிபதியின் செயல். பாராளுமன்றத்தின் சட்டம் அன்று. அதே கலைப்பு ஒரு சட்டத்தின் வடிவில் வந்து சான்றுரையும் பெற்றிருப்பின், அந்த எழுவரும் வாளாவிருந்திருப்பர்.

இன்னொரு மறுப்பு வலியது. அதிகாரம் இருந்த காலத்திலும் மலையகத் தமிழரின் குடியுரிமையை மன்றுகள் காத்தனவா? காக்கவில்லை. 1951 இல் உயர் நீதிமன்றமும் 1953 இல் கோமறைக் கழகமும் 29 ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டே குடியுரிமைச் சட்டத்தை ஏற்றன. அதிகாரம் மட்டும் நீதியைத் தந்துவிடாது என்பது மெய்யே. ஆனால் அதிகாரமுள்ள மன்று தவறினால், அத்தவறு தீர்ப்பாக எழுதப்பட்டு நம் கண்டனத்துக்கு உள்ளாகும். மறுநாள் வேறொரு நீதியரசர் அதனைத் திருத்தவுங் கூடும். அதிகாரமற்ற மன்றிடம் கண்டிக்கவோ திருத்தவோ என்ன இருக்கின்றது?

பாராளுமன்றமே மக்களின் இறைமையைப் பிரயோகிப்பது, நியமனம் பெற்றோர் அதனைத் தடுத்தல் தகாது என்பர் சிலர். பெரும்பான்மையின் பிடியிலிருந்து சிறுபான்மையைக் காப்பதற்கே அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டன. அவற்றின் எல்லையைப் பெரும்பான்மையே வகுப்பதாயின் அவை வெறும் எழுத்தே.

அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் நீதியரசர் நியமனத்தோடு நின்றுவிடுகின்றனர். நியமனம் முக்கியமே, எனினும் 80(3) நீங்காதவரை மிகச் சிறந்த நீதியரசரும் சபாநாயகரின் கையொப்பத்தின் முன் கைகட்டியே நிற்பர். அந்த உறுப்புரையை நீக்குமாறு கோருவது சட்டபீட மாணவரின் கடன் மட்டும் அன்று. இந்நாட்டில் ஒரு சட்டத்தினால் எதையேனும் இழந்த ஒவ்வொருவரின் கடனும் ஆகும்.