ஆழம் கூடினால் மீன் பெருகுமா?

கர்நாடகத்தின் தமிழ் பேசும் எல்லைச் சிற்றூர்களுள் ஒன்று கோபிநத்தம். காவிரி அருகிலேயே ஓடினும் வீட்டுக் கொல்லைகள் மழையையே நம்பியிருக்கின்றன. இத்தகைய ஊர்களில் மீன்குட்டை வெட்ட முனைவோரிடம் பரவலாக நிலவும் எண்ணம், ஆழம் கூடக்கூட நன்மை என்பது. இது மறுபரிசீலனைக்குரியது.

2014இல் கர்நாடக அரசு தொடங்கிய கிருஷி பாக்யா போன்ற திட்டங்கள் பண்ணைக்குட்டையைப் பாசன நீர்ச் சேமிப்பாகவே கருதின. சேமிப்புக்கு உகந்த ஆழம் மீனுக்கும் உகந்ததாகிவிடாது. கதிரொளி எட்டும் மேலடுக்கில்தான் நுண்பாசிகள் பிராணவாயுவை உண்டாக்குகின்றன. அதற்குக் கீழே குளிர்ந்த, பிராணவாயு குன்றிய நீர் தேங்குகிறது. திடீர்மழை இவ்விரு அடுக்குகளையும் கலக்கும்போது மீன்கள் ஒரே இரவில் மடியக்கூடும். அடிமட்டத்தில் இரை தேடும் மிர்காலுக்கு அந்த ஆழம் பயன்படுவதே இல்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. மேற்புறம் 10 மீட்டர் சதுரமாகவும், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் கரைச்சரிவாகவும் அமைந்த குட்டையை எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் ஆழத்தில் அது 104 கன மீட்டர் நீர் கொள்ளும். அடித்தளம் 4 மீட்டர் சதுரம். 3 மீட்டர் வெட்டினால் கொள்ளளவு 111 கன மீட்டர்தான்; அடித்தளமோ ஒரே மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மூன்றாம் மீட்டரின் உழைப்புக்குக் கிடைப்பது 7 கன மீட்டர் நீர் மட்டுமே. சரிவைச் செங்குத்தாக்கினால் நீர் கூடும். ஆனால் கரை சரியும், நெகிழித்தாள் விரித்த குட்டையில் தவறி விழும் குழந்தை ஏறி வரவும் வழியிராது.

மிகக் குறைந்த ஆழமும் தீர்வன்று. முழங்காலளவு நீர் கோடையில் கொதிக்கும், களை மண்டும், கொக்குக்கு விருந்தாகும். காற்றைச் சுவாசிக்கவல்ல விரால் ஓரளவு தாங்கினாலும் கட்லாவும் ரோகுவும் தாங்கா.

கெண்டை மீன்களுக்குக் கோடையிலும் ஒன்றரை மீட்டர் நீர் நிற்பது நலம். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது எனக் கொண்டாலும் 100 நாளில் அரை மீட்டர் குறையும். ஆகவே, நீர் கசியாத கொல்லைக் குட்டைக்கு 2 மீட்டரே தக்க ஆழம். எஞ்சும் பணத்தைக் குட்டையை அகலப்படுத்தவும் வேலியிடவும் செலவிடுவதே அறிவுடைமை. மானிய விதிகளும் ஆழத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, குட்டையின் பயனையும் கேட்டறிந்து வகுக்கப்பட வேண்டும்.