உருபறியாமற் கணக்குண்டோ?

தொடக்கப் பள்ளிச் சொற்கணக்கைப் பிள்ளை இனிப் படித்துத் துன்புற வேண்டா. கைப்பேசியிலுள்ள செய்யறிவு மென்பொருளிடம் ஒப்படைத்தால் நொடியில் விடை வரும் என்பார் உளர். விடை வரும், மறுப்பார் யார்? எவர் மொழியில் எண்ணி வருகின்றது என்பதே நம் வினா.

இம்முயற்சி புதிதன்று. 1964இல் அமெரிக்க மாசச்சூசெட்டுசுத் தொழில்நுட்பக் கழகத்தில் தானியேல் போபுரோ என்பார், ஆங்கிலச் சொற்கணக்கைச் சமன்பாடாக்கும் நிரலொன்றை எழுதி, 'மாணவன்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரே அதற்கு இட்டார். 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஏறத்தாழ 8,500 தொடக்கப் பள்ளிக் கணக்குகளை ஆங்கிலத்தில் திரட்டி வெளியிட்டது. மென்பொருள்களின் கணக்கறிவை அளக்கும் மரக்காலாக அத்தொகுப்பே வழங்கலாயிற்று. 2022இல் அதனின்று 250 கணக்குகளைக் கூகுள் ஆய்வாளர் பத்து மொழிகளிற் பெயர்த்தனர். தெலுங்கு உண்டு, வங்கம் உண்டு, ஆப்பிரிக்கச் சுவாகிலியும் உண்டு. தமிழ் இல்லை!

அம்மொழிகள்பால் நமக்கு அழுக்காறில்லை. ஆய்வாளரை நோவதும் வீண். காரிநாயனாரின் கணக்கதிகாரத்திற் பலாக்காம்பைச் சுற்றிய முள்ளையெண்ணி, ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைத்தொகை காணும் வழி சொன்ன இனம், தன் கணக்குகளைத் தொகுத்து அவர்முன் வைத்ததா?

பொறியின் படிப்பு எத்தகையது என்பதை 2024இல் ஆப்பிள் நிறுவன ஆய்வாளர் காட்டினர். ஒருவன் வெள்ளியன்று 44 கிவிப்பழம் பறித்தான், காரிக்கிழமை 58, ஞாயிறன்று வெள்ளியின் இருமடங்கு, அவற்றுள் ஐந்து சற்றுச் சிறியன. மொத்தம் எத்தனை? விடை 190. சில மென்பொருள்களோ அவ்வைந்தையும் கழித்து 185 என்றன. சிறிய பழம் பழமன்றோ? பின்வந்த பொறிகள் தேறியிருக்கலாம். ஆயினும் சொல்லின் பொருளுணராது எண்ணைக் கண்டவுடன் கழிக்கும் பழக்கம் நம் வகுப்புப் பிள்ளைகளிடமும் உண்டு. அதனைப் போக்குவது மொழிப்பயிற்சியே.

தமிழிற் கணக்கின் உயிர் உருபில் உள்ளது. 'கண்ணன் வேலனிடம் மூன்று பழம் வாங்கினான்' என்றால் வேலன் பழம் குறையும். 'வேலனுக்கு மூன்று பழம் வாங்கினான்' என்றால் கூடும். கூட்டலும் கழித்தலும் 'இடம்', 'கு' என்னும் உருபுகளுள் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வேறுபாட்டை உணராப் பிள்ளைக்குப் பொறி ஆயிரம் விடை தந்தும் என்ன பயன்? முதலிற் பிள்ளை படிக்கட்டும்; எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என வாய்விட்டுச் சொல்லட்டும்; பின்னர்ப் பொறியைக் கொண்டு சரிபார்க்கட்டும்.

பொறிக்கும் தமிழ்க் கணக்கு வேண்டும். பெயர்ப்பு வேண்டா, கிவியும் வேண்டா. நாற்று, கயிறு, உப்பளம், சந்தை, பேருந்துக் கட்டணம் என நம் வாழ்விலிருந்து எழுதுவோம். தமிழாசிரியரும் கணக்காசிரியரும் உடனிருந்து எழுதுக. ஐந்நூறு ஆசிரியர் ஆளுக்கு இருபது எழுதினால் எத்தனை என்பதை எம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். அத்தொகை 8,500ஐ விஞ்சும்.