எண்ணெய்த் தலை

நம்மவர் பேச்சில் பெரும்பாலும் இரண்டு பொருள்களே 'வழியும்'. ஒன்று அசடு, மற்றொன்று எண்ணெய். இரண்டையும் ஒரே முகத்தில் கண்டு நகைப்பது கல்லூரி மாணவர்க்கு வாடிக்கையாகிவிட்டது. அஞ்செட்டியிலிருந்தும் வேப்பனப்பள்ளியிலிருந்தும் வந்து முதலாண்டில் சேரும் மாணவி, எண்ணெய் தடவிப் படிய வாரிப் பின்னலிட்டு வருகிறாள். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் அந்த எண்ணெய் காணாமற் போய்விடுகிறது. பிடிக்காமல் விட்டாள் என்றால் எனக்கு வழக்கொன்றுமில்லை. வெட்கப்பட்டு விட்டாள் என்பதே என் வழக்கு. வேலைவாய்ப்பு முகாமுக்கு முன் நடந்த பயிற்சி வகுப்பொன்றில், "நேர்காணலுக்கு எண்ணெய்த் தலையோடு வராதீர்கள், பட்டிக்காடு போலிருக்கும்" என்று ஒருவர் அறிவுரை கூறக் கேட்டேன். ஓசூர் ஆலைகளின் வாயிலில் காலை ஷிப்டுக்கு இறங்குவோர் எந்தெந்தப் பட்டிகளிலிருந்து வருகிறார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரில்லை!

நிற்க. எண்ணெய்க்கு வக்காலத்து வாங்குவோர் சொல்வதனைத்தும் எனக்கு உடன்பாடு என்று யாரும் கருதிவிட வேண்டாம். எண்ணெய் செய்யும் வேலை ஒன்று உண்டு. அது செய்யாத வேலையை அதன் தலையில் கட்டுவோரும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே கற்றவர்க்கு அழகு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எள்ளின் நெய்யே எண்ணெய். ஆகவே 'தேங்காய் எண்ணெய்' என்பதே சொல்லளவில் ஒரு முரண்! நம் எல்லைப்புறத்தில் வழங்கும் தெலுங்கின் 'நூனெ'யும் எள்ளைக் குறிக்கும் 'நுவ்வு' என்பதிலிருந்து பிறந்ததே. கன்னடத்தாரும் 'எண்ணெ' என்றே சொல்கின்றனர். யுகாதிக் காலையில் ஓசூர்த் தெருக்களில் தெலுங்கு வீட்டிலும் கன்னட வீட்டிலும் நடக்கும் எண்ணெய்க் குளியல், தீபாவளிக் காலையில் தமிழ் வீட்டில் நடக்கிறது. மொழிக்காகச் சச்சரவிடுவோரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

நாகரிகத்தின் சின்னமாக நாம் கருதும் 'ஷாம்பு'வோ, பிடித்துவிடு என்னும் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து சென்றது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் நடத்தி, அந்நாட்டு மன்னர்க்கே அப்பணி செய்தார். பின்னர் அச்சொல் தலைகழுவும் திரவத்திற்குப் பெயராகி நம்மிடமே திரும்பியது. கடலூர் சின்னி கிருஷ்ணன் அதைச் சிறு பொட்டலத்தில் அடைத்தார்; அவர் மகன் 1983இல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார்; பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கத் தொடங்கியது. ஆக, எண்ணெய் பட்டிக்காடு, ஷாம்பு பட்டணம் என்னும் பிரிவினைக்கு வரலாற்றில் இடமில்லை.

இனி வேலைக்கு வருவோம். மயிரிழை பெரும்பாலும் புரதம். தண்ணீரில் நனைந்ததும் ஊதுகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. இந்த ஊதலும் சுருங்கலும் மேலோட்டின் செதில்களைத் தூக்கிவிட, சீப்பு அதைப் பெயர்த்துவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதியளவு லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, இழைக்குள் நுழைந்துவிடும். ரேலே, மோகிலே என்னும் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டனர். தலை கழுவுமுன் தடவினாலும் பின் தடவினாலும் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அவ்விருவரும் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வுத்துறையினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் காரணம் வேதியியலுக்குப் பொருந்துகிறது. நம் பாட்டியர் குளிக்குமுன் தடவியதற்கும் பொருந்துகிறது. நல்லெண்ணெய்க்கு இதே சான்றைக் கூட்டி வர எனக்குத் துணிவில்லை. அது வழுவழுப்புத் தரும். சிக்கு எடுக்க உதவும். அந்த மட்டில் நிறுத்திக்கொள்வது நேர்மை. வாசனைக் கூந்தல் எண்ணெய் என்று அழகிய புட்டியில் வருபவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் 'லிக்விட் பாராபின்' என்றிருக்கும். பெட்ரோலியத்தைச் சுத்திகரித்துக் கிடைக்கும் கனிம எண்ணெய் அது. மேலே பளபளக்கும்; உள்ளே செல்லாது.

விடுதியில் மயிர் கொட்டினால் முதற் குற்றவாளி ஓசூர்த் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணமும் மக்னீசியமும் இழைமேல் படிந்து சொரசொரப்பாக்கும் என்பது உண்மை. சோப்பு அந்நீரில் திரிந்து பிசுக்காகும். சீயக்காய் அவ்வாறு திரியாது. அதற்காக வேரோடு உதிர்வதற்கும் தண்ணீரே பொறுப்பு என்பது அவசரத் தீர்ப்பு. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் மலைமலையாக நுரைத்துக் கிடப்பதை நாளேடுகளில் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் நகரின் கழிவுநீர் கொண்டு வரும் நுரை அது. அந்த ஆற்றைப் பற்றிக் கவலைப்பட வேறு பல காரணங்கள் இருக்கின்றன. நம் கூந்தல் அவற்றில் கடைசி.

எண்ணெய் செய்யாத வேலை எது? மயிரை வளர்த்தல். வெளியே தெரியும் இழை உயிரற்றது. உயிர் தோலுக்கடியில் வேரில் இருக்கிறது. அதற்கு உணவு இரத்தத்தின் வழியே செல்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 இழைகள் உதிர்வது இயற்கை. டைபாய்டோ டெங்குவோ வந்து போன இரண்டு மூன்று திங்களில் கொத்துக் கொத்தாக உதிர்வதும், பிறகு தானே முளைப்பதும் உண்டு. முளைக்கும் வேளையில் எந்த எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது! பொடுகுள்ள தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவிடுவதோ கேட்டை வளர்ப்பது; பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குத் தலையின் கொழுப்பே உணவு.

மைசூர் மாவட்டத்து ஹுன்சூர் அருகே ஹக்கிப்பிக்கி மக்கள் காய்ச்சும் 'ஆதிவாசி எண்ணெய்' இன்று நாடெங்கும் பேசப்படுகிறது. காலமெல்லாம் அலைந்து வாழ்ந்த மக்கள் ஒரு தொழிலால் நிமிர்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் முழங்கால் வரை கூந்தல் தொங்கும் படத்தைக் காட்டி எவர் எதை விற்றாலும் விலையைக் கேட்குமுன் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை, வழுக்கையையும் புது மயிர் வளர்ச்சியையும் குணப்படுத்துவதாக மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது.

பொருளியல் மாணவர்க்கு ஒரு சுவையான செய்தி. சிறு புட்டியிலுள்ள தூய தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்று கலால் வழக்கொன்று நெடுங்காலம் நடந்தது. 2018இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பளித்தனர். 2024 டிசம்பரில்தான், கூந்தல் எண்ணெய் என்று அடையாளமிட்டு விற்றாலன்றி அது சமையல் எண்ணெயே என்று மூவர் அமர்வு முடிவு கூறியது. அப்போது சமையல் எண்ணெய்க்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. கூந்தல் எண்ணெய்க்கு 18. வரிக்கும் வரிக்கும் இடையில் இருந்தது ஒரு சீட்டு மட்டுமே! 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெயும் 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. மார்கழிக் காலையில் ஓசூர்க் குளிரில் இரண்டும் ஒன்றுபோல் உறைந்து, புட்டியை வெந்நீரில் நிறுத்தினாலன்றி இறங்க மாட்டேன் என்கின்றன.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்றது பழமொழி. இன்று எண்ணெய் விற்போரே வைத்தியர் வேடமும் கட்டிவிட்டனர். நம் தோழியர் சிலர் உதவித்தொகை வந்ததும் முதலில் வாங்குவது மூலிகைத் தைலம். சீப்பில் கற்றையாக வருகிறது என்று கண்கலங்குகிறார்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்பதையோ, காலைக் களியை விட்டுவிட்டுப் பேருந்து பிடிக்கிறோம் என்பதையோ யாரும் அத்துடன் சேர்த்துச் சொல்வதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவில் மயிர் உதிர்வது மருத்துவர் அறிந்தது. அரசு மருத்துவமனையில் ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்துவிடக்கூடியதை, புட்டி புட்டியாகத் தைலம் தடவித் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் கல்லூரிகளில் இரத்ததான முகாம் நடத்துகிறோம். 12.5 கிராம் ஹீமோகுளோபின் இல்லாத மாணவியரை வாயிலிலேயே திருப்பி அனுப்புகிறோம். திருப்பியனுப்பப்பட்டவள் சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போய்விடுகிறாள். அவள் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மறுவாரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வரும் கல்வியாண்டிலேனும் ஏற்பாடு செய்யுமாறு திட்ட அலுவலர்களாகிய பேராசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன். அவள் எண்ணெய் வைத்துக்கொண்டு வரட்டும், வைக்காமல் வரட்டும்.