விற்ற கணக்கு எங்கே?

வண்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் பாக்கி பாக்கிதான். எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கட்டுகிறவன்தான் நாணயஸ்தன். காலவரையறைச் சட்டத்தை எடுத்துப் பேசுகிறவன் ஏமாற்றுக்காரன். வாகனக் கடன் வசூலில் பழுத்த அனுபவமுள்ள ஒருவர் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். பிடித்துச் சென்ற வண்டி என்ன விலைக்குப் போனது என்ற கேள்வி அதில் ஓர் இடத்தில்கூட வரவில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எழுதிய எதையும் நாணயத்தைப் பற்றிய எழுத்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் தங்கை வீட்டுக்காரர் 2015 மே மாதம் கால் டாக்சி ஓட்டுவதற்காக ஒரு கார் வாங்கினார். கடன் 4,20,000 ரூபாய். மாதம் 11,400 வீதம் 48 டியூ. 19 டியூவைத் தேதி தவறாமல் கட்டினார். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்புக்குப் பிறகு சவாரி படுத்துவிட்டது. ஆறு டியூ நின்றது. 2017 ஜூனில் ஒரு காலை, டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தியிருந்தவரிடம் நான்கு பேர் வந்து சாவியைப் பிடுங்கினார்கள். வண்டிக்குள் என்னென்ன இருந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. பின்சீட்டில் கிடந்த மகளின் பள்ளிப் பையை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை.

2024-இல், பெயரே கேள்விப்பட்டிராத வேறொரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. கட்ட வேண்டியது 4,86,000 ரூபாயாம். அவர் ஏற்கெனவே கட்டிய 2,16,600 பற்றி அதில் பேச்சே இல்லை. வண்டி விற்று வந்த பணம் பற்றியும் ஒரு வரி இல்லை. விற்கவே இல்லையோ என்று நினைக்கவும் வழியில்லை. 2019-இலேயே அந்த வண்டிக்குச் சேலத்தில் விதித்த அபராதம் இவர் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்திருந்தது. யாரோ வாங்கி, யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் இவர் பெயர்.

கட்டுரையாளர் இவரைப் பார்த்துத்தான் நாணயம் பேசுகிறார்.

வண்டியைப் பிடிப்பது கடன் கொடுத்தவரின் உரிமை என்கிறார். ஒப்பந்தத்தில் அந்த உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த உரிமையோடு சேர்ந்து வரும் கடமைகளை அவர் ஏன் விழுங்கிவிட்டார்? 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவாகச் சொன்னது: பிடிப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எப்படிப் பிடிப்பது, விற்பதற்கு முன் கடன்காரருக்குக் கடைசி வாய்ப்பு, எப்படி ஏலம் விடுவது, இவையெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கான நடத்தை விதிகளும் இதையே சொல்கின்றன. குண்டர்களை வைத்து வண்டியைப் பிடிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இலேயே கண்டித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிடித்த வண்டிக்கு நிதி நிறுவனம் தன் பெயரில் புது ஆர்.சி. கேட்டால், பழைய உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அவர் சொல்ல விரும்புவதைக் கேட்ட பிறகே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கொடுக்கலாம்.

இதையெல்லாம் தாண்டிப் போக ஒரு குறுக்கு வழி இருப்பது கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்காது. கடன் கொடுக்கும் அன்றே பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில், எதையும் நிரப்பாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அது. பிறகு யார்டில் வண்டி வெயிலிலும் மழையிலும் நிற்கும். டயர் மண்ணில் இறங்கும், பேட்டரி செத்துப்போகும். நின்ற ஒவ்வொரு நாளுக்கும் வாடகையைக் கடன்காரர் தலையிலேயே எழுதுவார்கள். ஏலம் கேட்க வருகிறவர்கள் நாலைந்து பழைய வண்டி வியாபாரிகள். வண்டிக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் சேதி போகாது. சந்தையில் இரண்டரை லட்சம் பெறும் வண்டி ஒரு லட்சத்துக்குப் போனால், அந்த ஒன்றரை லட்சம் யார் செய்த கடன்? டியூ கட்டத் தவறியவன் செய்ததா, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவன் செய்ததா?

அடுத்து, காலவரையறைச் சட்டம். 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியதைச் சேர்த்தாலும், 2017 ஜூனில் பிடித்த வண்டிக்கு அந்தக் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. கட்டுரையாளர் இதை ஓட்டை என்கிறார். கெடு எதற்காக வைத்தார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. வசூலுக்கு வருகிறவர் கையடக்க மெஷினில் அடித்துத் தரும் ரசீது இரண்டு வருடத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். என் தங்கை பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்டு வைத்த ரசீதுகளில் இன்று ஓர் எழுத்தும் தெரியவில்லை. நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும் அழியாது. ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்து, எதிராளியின் சாட்சியம் எல்லாம் அழிந்த பிறகு கணக்கு நீட்டுவதைத் தடுக்கத்தான் அந்தக் கெடு. கெடு போனால் கடனே அழிந்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. வழக்குப் போட்டு வாங்கும் வழிதான் அடைபடும். மனசாட்சிப்படி கட்ட நினைப்பவர் தாராளமாகக் கட்டலாம். எவ்வளவு என்று தெரிந்தால்தானே கட்ட முடியும்?

கட்டுரையிலேயே ஆபத்தானது அவர் சொல்லும் யோசனை. நல்லெண்ணத்துக்கு அடையாளமாக முதலில் ஒரு சிறு தொகையைக் கட்டி, பாக்கியை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்துவிட வேண்டுமாம். இதைச் செய்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. கெடு முடிவதற்குள் கட்டியதற்கு எழுத்தில் அத்தாட்சி இருந்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, மூன்று ஆண்டு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். கெடு முடிந்த பிறகு, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் நிலைமை இன்னும் மோசம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அந்த வாக்குறுதிக்கே உயிர் கொடுத்துவிடும். செத்த வழக்கு எழுந்து உட்காரும். எங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தோடும் இப்படி ஒரு செட்டில்மென்ட் தாள் இருந்தது: 5,000 ரூபாய் கட்டு, கீழே கையெழுத்துப் போடு. ஐயாயிரம் அவர்களுக்குப் பெரிதல்ல. கையெழுத்துத்தான் வேண்டும். இதைத் தெரிந்தே எழுதினாரென்றால் அவர் வாசகருக்குத் துரோகம் செய்திருக்கிறார். தெரியாமல் எழுதினாரென்றால், யோசனை சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.

எல்லோருக்கும் இந்தக் கெடு துணை நிற்கும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றமோ நடுவரோ ஏற்கெனவே தீர்ப்புக் கொடுத்திருந்தால், அதை நிறைவேற்றிக்கொள்ள 12 ஆண்டு இருக்கிறது. வாகனக் கடன் ஒப்பந்தங்களில் நடுவர் மன்றம் பற்றிய வரி பெரும்பாலும் இருக்கும். வீடு மாறியவரின் பழைய முகவரிக்கு நோட்டீஸ் போய்த் திரும்பி, அவர் இல்லாமலே தீர்ப்பாகியிருக்கலாம். ஆகவே பழைய பாக்கிக்குக் கடிதம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, தீர்ப்பு எதுவும் இருக்கிறதா என்பது. இருந்தால், அந்த நடுவரை நியமித்தது யார் என்பது அடுத்த கேள்வி. ஒரு தரப்பு மட்டும் தன் விருப்பப்படி தனி நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஏற்கவில்லை. உதவ வேண்டும் என்று நினைத்து எழுதியிருந்தால், கட்டுரையில் இதெல்லாம் இருந்திருக்கும்.

பொதுமக்கள் போட்ட டெபாசிட் பணம் என்று கடைசியில் உருகுகிறார். கடன் கொடுத்த நிறுவனம் எங்கள் வண்டிக் கடனை எப்போதோ வேறொருவருக்கு விற்றுவிட்டது. இன்று கேட்பவர் என்ன கொடுத்து வாங்கினார் என்பதும் கடிதத்தில் இல்லை. இதில் எந்த டெபாசிட்தாரரின் பணம் திரும்புகிறது?

மாப்பிள்ளை அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். கடனை ஒப்புக்கொள்ளாமல், நான்கு விவரம் மட்டும் கேட்டு அவர் பதிவுத் தபால் அனுப்பினார்: கட்டிய டியூக்களின் முழுக் கணக்கு, வண்டி விற்ற தேதி, விற்ற விலை, கடனை இவர்கள் வாங்கியதற்கான பத்திரம். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான அட்டை பத்தாம் நாள் திரும்பி வந்தது. கணக்கு இன்றுவரை வரவில்லை. போன் மட்டும் வருகிறது, என் தங்கை வேலை பார்க்கும் இடத்துக்கு.