சொத்து யார் பெயரில்?

தலைநகர் தில்லியில் பத்ம விருதுகள் வழங்கப்படும்போது, தொழில்துறையில் சாதித்த பெண்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதைப் பார்க்கிறோம். உயிரித் தொழில்நுட்பத் துறையில் தடம் பதித்த கிரண் மஜும்தார் ஷா 1989-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் 2005-ம் ஆண்டு பத்மபூஷண் விருதும் பெற்றார். நலிந்து கிடந்த செம்புக் குழாய் ஆலையை மீண்டும் இயங்கச் செய்த கல்பனா சரோஜுக்கு 2013-ம் ஆண்டும், டிராக்டர் உற்பத்தியில் முன்னணி வகிக்கும் சென்னையின் மல்லிகா சீனிவாசனுக்கு 2014-ம் ஆண்டும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆண்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட துறைகளில் நுழைந்து வென்றவர்கள் இவர்கள். பாராட்டுக்கு முற்றிலும் தகுதியானவர்கள் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது.

ஆனால் கைதட்டல் ஓய்ந்த பிறகு நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இத்தகைய பெயர்கள் ஏன் இன்னமும் விரல்விட்டு எண்ணும்படியே இருக்கின்றன?

கிரண் மஜும்தார் ஷாவின் தொடக்க கால அனுபவத்திலேயே இதற்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. அவருடைய தந்தை பெங்களூரில் ஒரு பெரிய பீர் ஆலையின் தலைமை வடிப்பாளராக இருந்தவர். மகளும் அதே தொழிலைக் கற்க ஆஸ்திரேலியா சென்று, 1970-களின் நடுப்பகுதியில் முறையான தகுதியுடன் திரும்பினார். படிப்பு இருந்தது, திறமை இருந்தது. ஆனால் வடிப்பாலையைப் பெண்ணின் பொறுப்பில் விட இங்கு யாரும் தயாராக இல்லை. வேறு வழியின்றி 1978-ம் ஆண்டு 10,000 ரூபாய் முதலீட்டில், வாடகை வீட்டின் கார் கொட்டகையில் என்சைம் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். கடன் கேட்டுப் போனபோது வங்கிகள் தயங்கின. தந்தை பிணை நிற்பாரா என்று கேட்கப்பட்டது. அந்தக் கொட்டகையில் தொடங்கிய பயோகான் 2004-ம் ஆண்டு பங்குச் சந்தைக்கு வந்தபோது, முதல் நாளிலேயே அதன் சந்தை மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது.

மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் தலித் குடும்பத்தில் பிறந்த கல்பனா சரோஜுக்குப் பிணை நிற்கத் தக்க தந்தையும் இல்லை. 12 வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டு, அந்த வாழ்க்கையிலிருந்து மீண்டு, மும்பையில் ஆயத்த ஆடைத் தொழிலாளியாக வேலை பார்த்தவர் அவர். அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் கிடைத்த சிறு கடனே அவருக்கு முதல் படியாக அமைந்தது. பெரும் கடன் சுமையில் முடங்கிக் கிடந்த கமானி டியூப்ஸ் ஆலையின் பொறுப்பைப் பின்னாளில் அவர் ஏற்றார்.

இவர்கள் இருவரையும் தவிர்த்துப் பார்த்தால், கனரகத் தொழில்களில் தலைமை வகித்த பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் வழியாக அந்த இடத்துக்கு வந்தவர்கள். கப்பல் துறையில் முத்திரை பதித்து, 1956-ம் ஆண்டு இந்தியக் கப்பல் உரிமையாளர்கள் சங்கத்தின் தலைவரான சுமதி மொரார்ஜி, சிந்தியா கப்பல் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரின் மருமகள். கொதிகலன் தயாரிக்கும் புணேயின் தெர்மாக்ஸ் நிறுவனத்துக்குக் கணவரின் மறைவுக்குப் பின் 1996-ம் ஆண்டு தலைமையேற்றவர் அனு ஆகா. மல்லிகா சீனிவாசனும் தந்தையின் நிறுவனத்திலேயே தொழில் கற்றார். அவர் தலைமையில் 'டாஃபே' 2005-ம் ஆண்டு ஐஷர் நிறுவனத்தின் டிராக்டர் பிரிவையே வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. இவர்களது திறமையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாய்ப்பு கைக்கு வந்தபோது பெண்கள் சோடை போகவில்லை என்பதற்கு இவர்களே சாட்சி. வாய்ப்பு வந்த வழியைத்தான் கவனிக்க வேண்டும்.

புள்ளிவிவரங்களும் இதையே உறுதி செய்கின்றன. 2013-14-ம் ஆண்டில் நடத்தப்பட்ட ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பெண்களுக்குச் சொந்தமான தொழில், வணிக அமைப்புகள் சுமார் 80.5 லட்சம். மொத்தத்தில் இது 13.76 சதவீதம் மட்டுமே. அவற்றிலும் 83 சதவீத அமைப்புகளில் கூலிக்கு ஒரு தொழிலாளிகூடக் கிடையாது. 2015-16-ம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வைப் பார்த்தால் நிலைமை மேலும் தெளிவாகிறது. தனியுரிமைக் குறுந்தொழில்களில் 20.44 சதவீதம் பெண்களுடையவை; சிறு தொழில்களில் அது 5.26 சதவீதமாகவும், நடுத்தரத் தொழில்களில் 2.67 சதவீதமாகவும் குறைந்துவிடுகிறது. ஊறுகாய் தயாரிக்கவும் ஆடை தைக்கவும் பெண்ணுக்குத் தடை இல்லை. லேத் பட்டறையும் வார்ப்பட ஆலையும் வைக்க முற்படும்போதுதான் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன.

ஏன்? இயந்திரம் வாங்க லட்சங்கள் வேண்டும். லட்சங்களைத் தர வங்கி அடமானம் கேட்கும். அடமானம் வைக்க வீடோ நிலமோ தன் பெயரில் இருக்க வேண்டும். 2015-16-ம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் கையில் இருப்பவை 13.96 சதவீதமே. தொழில் உரிமையில் பெண்களின் பங்கும், நில உடைமையில் அவர்களது பங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், சொத்தில்லாதவருக்குத் தொழில் எட்டாது என்ற உண்மையை இந்த இரு எண்களும் சேர்ந்தே நினைவூட்டுகின்றன.

சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. தமிழகம் 1989-ம் ஆண்டே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வழங்கியது. 2005-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிருடன் இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது.

ஆனால் சட்டம் கொடுத்ததைச் சமூகம் சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ராஜஸ்தானத்தில் 'ஹக் தியாக்' என்றொரு வழக்கம் உண்டு. பிறந்த வீட்டுச் சொத்தில் தனக்குள்ள உரிமையைச் சகோதரனுக்குத் தியாகம் செய்வதாகப் பெண் எழுதித் தருவது அது. நம் ஊரில் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தர மறுக்கும் சகோதரி பேராசைக்காரி என்று தூற்றப்படுகிறாள். பிறந்த வீட்டின் வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்திலேயே பலர் கையெழுத்திடுகிறார்கள். அந்தக் கையெழுத்துடன் சேர்ந்து, பின்னாளில் அவள் தொடங்கியிருக்கக்கூடிய ஒரு தொழிலும் கைநழுவிப் போகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரசு சும்மா இருந்துவிட்டது என்று கூற முடியாது. அடமானம் இல்லாமல் கடன் தரும் முத்ரா திட்டம் 2015-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதில் கடன் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்களே. ஆனால் அக்கடன்களில் மிகப் பெரும்பாலானவை 50,000 ரூபாய்க்கு உட்பட்டவை. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பெண்ணுக்காவது 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை கடன் வழங்க வேண்டும் என்று வகுத்த 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம் 2016-ம் ஆண்டு தொடங்கி 2025-ம் ஆண்டு மார்ச் வரை நடைமுறையில் இருந்தது. 2013-ம் ஆண்டு பெரும் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்ட பாரதிய மகளிர் வங்கியோ நான்கே ஆண்டுகளில் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டுவிட்டது. முதன்முறையாகத் தொழில் தொடங்கும் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி ரூபாய் வரை கடன் வழங்கப்படும் என்று 2025-26-ம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மத்திய அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்களின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்ற விதி 2018-ம் ஆண்டே வந்துவிட்டது.

சலுகை வரும் இடத்தில் பினாமியும் வருவது நம் நாட்டின் சாபக்கேடு. உள்ளாட்சிப் பதவிகளில் மனைவி பெயரில் கணவர் ஆட்சி நடத்தும் அவலத்தைக் கண்டுவருகிறோம். தொழில்துறையிலும் மனைவியோ தாயோ காகிதத்தில் உரிமையாளராக இருக்க, காசோலைப் புத்தகம் வேறொருவர் சட்டைப் பையில் இருப்பது புதிதல்ல. பெண்ணின் பெயரைப் பதிவு செய்தால் போதாது; முடிவெடுப்பவர் அவர்தானா என்பதையும் கடன் வழங்கும் வங்கியும் கொள்முதல் செய்யும் துறையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வைப்பாளர்களின் பணத்தைப் பாதுகாப்பின்றி எப்படிக் கொடுப்பது என்று வங்கிகள் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்விதான். ஆனால் 1992-ம் ஆண்டு நபார்டு தொடங்கிவைத்த சுய உதவிக் குழுக் கடன் திட்டத்தில், பிணையாக எதையும் வைக்க இயலாத கோடிக்கணக்கான பெண்கள் கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தி வருகிறார்கள். பெரிய மனிதர்களின் பெருங்கடன்கள் வாராக் கடன்களாக மாறி வங்கிகளை ஆட்டம் காணச் செய்ததையும் நாடு பார்த்துவிட்டது. அடமானம் மட்டுமே நாணயத்துக்கு அத்தாட்சி அல்ல. கையில் உள்ள கொள்முதல் ஆணை, ஜி.எஸ்.டி. கணக்கு, முந்தைய கடன் தவணைகள் ஆகியவற்றின் அடிப்படையில் கடன் தகுதியை எடைபோட இன்று வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்த மனம்தான் வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. 3 சதவீதக் கொள்முதலில் எந்தெந்தப் பொருள்கள் வாங்கப்பட்டன என்பதை ஒவ்வோர் அமைச்சகமும் வெளியிட வேண்டும். எழுதுபொருளும் சிற்றுண்டியும் வாங்கிக் கணக்கை நேர் செய்யாமல், ரயில்வேயும் பாதுகாப்புத் துறையும் இயந்திர உதிரி பாகங்களைப் பெண்களின் தொழிற்கூடங்களிலிருந்து வாங்க முன்வர வேண்டும். விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யும் முன், குடும்பத்தார் உடன் இல்லாத நிலையில் அந்தப் பெண்ணிடம் தனியே விசாரித்து, அவர் விட்டுக்கொடுக்கும் பங்கின் மதிப்பைப் பதிவாளர் எடுத்துரைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தில்லியில் சொத்து வாங்கும் ஆண்களுக்கு 6 சதவீதமாக உள்ள முத்திரைத் தீர்வை, பெண்களுக்கு 4 சதவீதமாக இருக்கிறது. இத்தகைய சலுகையை எல்லா மாநிலங்களும் வழங்கலாம்.

இவை அனைத்தையும்விட முக்கியமான ஒன்று அரசின் கையில் இல்லை. மகளுக்குச் சேர வேண்டிய பங்கை அவள் கேட்காமலேயே அவள் பெயரில் எழுதிவைக்கும் தந்தையும், அதை மனமுவந்து ஏற்கும் சகோதரனும் ஒவ்வொரு வீட்டிலும் உருவாக வேண்டும். தகுதியுடன் வந்து நிற்கும் பெண்ணிடம் "பிணை நிற்க அப்பா வருவாரா?" என்று வங்கி அதிகாரி கேட்கும் நிலை அப்போதுதான் மாறும்.

பெண்களின் தொழில் திறமையைப் போற்றும் விழாக்கள் தொடரட்டும். ஆனால், பாராட்டுப் பத்திரத்தை எந்த வங்கியும் அடமானமாக ஏற்பதில்லை. சொத்துப் பத்திரம்தான் வேண்டும்!