அஞ்சு கட்டையில ஆரம்பிங்க மக்கா!

கிட்டார் வாங்கின ஆர்வம் எங்க போய்ச் சாவுதுன்னு யாராவது கேட்டா, ஒரே எழுத்துல பதில் சொல்லலாம். எஃப்!

சி மேஜர் வரும். ஏ மைனர் வரும். தட்டுத் தடுமாறி ஜி-யும் வந்துரும். அடுத்து எஃப்-ன்னு ஒரு கார்டு. ஆள்காட்டி விரலை ஆறு தந்தி மேலயும் படுக்கப் போட்டு அமுக்கணும். விரல் கொப்பளிக்கும், ஆனா சத்தம் என்னவோ தகர டப்பாவைத் தட்டின மாதிரிதான் வரும். ரெண்டே வாரத்துல "நமக்கு இது செட் ஆவாது"ன்னு கிட்டார் பீரோ மேல ஏறிடும். தூத்துக்குடியில இப்படி பீரோ மேல தூங்குற கிட்டாரையெல்லாம் இறக்கினா ஒரு லாரி லோடு தேறும் :-)

என்னைக் கேட்டா தப்பு விரல்ல இல்ல, ஆரம்பிச்ச இடத்துல இருக்கு. முதல் பாடத்தை சி-யில தொடங்காம ஜி-யில, அதாவது நம்ம கணக்குல அஞ்சு கட்டையில தொடங்கணும்.

சி-யில தொடங்குறது கீபோர்டுக்குப் பொருத்தமான வழி. அதுல சி மேஜர்னா வெள்ளைக் கட்டை மட்டும் வாசிச்சாப் போதும், கறுப்பைத் தொட வேண்டாம். நம்ம ஊர்ல நிறைய பேருக்கு கார்டுங்கிற வார்த்தையே கோயில் பாடகர் குழு வழியாத்தான் அறிமுகம். அங்க நடுநாயகமா இருக்கறது கீபோர்டு. அதனால கிட்டார் பிடிக்கிற பயலுக்கும் அதே வரிசையில பாடம். ஆனா கிட்டார்ல வெள்ளை ஏது, கறுப்பு ஏது? அதுக்குன்னு தனி குணம் இருக்குய்யா.

அந்தக் குணத்தைப் பார்க்கணும்னா ஒண்ணும் வேண்டாம், இடது கையை எடுத்துட்டு ஆறு தந்தியையும் சும்மா மீட்டிப் பாருங்க. தடித்த தந்தியில இருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. இப்ப ஜி-யை ஸட்ஜமா வச்சு எண்ணுங்க: த, ரி, ப, ஸ, க, த. வரிசைப்படுத்தினா ஸ ரி க ப த. அட, நம்ம மோகனம்! ஒரு விரல்கூட வைக்காத கிட்டாருக்குள்ள அஞ்சு கட்டை மோகனம் உக்காந்திருக்கு. இதை விட்டுட்டு வேற எங்க போய் ஆரம்பிக்கிறது?

சரி, விரலுக்கு வருவோம். மோதிர விரலை ரெண்டாவது தந்தி, மூணாவது ஃப்ரெட்ல வைங்க. சுண்டுவிரலை அதுக்குக் கீழ முதல் தந்தி, அதே மூணாவது ஃப்ரெட்ல.

ஜி: நடுவிரல் ஆறாவது தந்தி மூணாவது ஃப்ரெட், ஆள்காட்டி அஞ்சாவது தந்தி ரெண்டாவது ஃப்ரெட்.

சி: அந்த ரெண்டு விரலையும் அப்படியே ஒரு தந்தி கீழ இறக்குங்க. (சுத்தமான சி இல்ல, சி ஆட் நைன். கேட்க இன்னும் நல்லாவே இருக்கும். ஆறாவது தந்தியை மட்டும் மீட்டாதீங்க.)

இ மைனர்: அஞ்சாவது, நாலாவது தந்தி, ரெண்டுமே ரெண்டாவது ஃப்ரெட். (இதுவும் கணக்குப்படி இ மைனர் செவன்.)

டி: சுண்டுவிரலை எடுத்துருங்க. ஆள்காட்டி மூணாவது தந்தி ரெண்டாவது ஃப்ரெட், நடுவிரல் முதல் தந்தி ரெண்டாவது ஃப்ரெட். மீட்டுறது கீழ் நாலு தந்தி மட்டும்.

கவனிச்சீங்களா? நாலு கார்டுலயும் மோதிர விரல் இடத்தை விட்டு அசையவே இல்ல. அது நிக்கிற சுரம் டி, அதாவது பஞ்சமம். தம்புரா ஸ-ப-ன்னு பின்னால ஓடிட்டே இருக்குமே, அந்த வேலையை உங்க மோதிர விரலே செய்யுது. கார்டு மாத்தும்போது விரல் தொலைஞ்சு போறதுதான் ஆரம்பக்காரனோட பெரிய பயம். இங்க ஒரு நங்கூரம் போட்டாச்சு. துறைமுக ஊர்க்காரனுக்கு நங்கூரத்தோட அருமையைச் சொல்லியா தரணும்!

"அப்ப ஜி-யில கஷ்டமான கார்டே கிடையாதாவே?"ன்னு கேப்பீங்க. இருக்கு, பி மைனர். அதுவும் படுக்கைக் கார்டுதான். ஆனா ஜி-யில அது மூணாவது ஸ்தானம், அது இல்லாமலே ஏராளமான பாட்டை ஓட்டிரலாம். சி-யில எஃப் நாலாவது ஸ்தானம். ஒண்ணு, நாலு, அஞ்சு இந்த மூணும் இல்லாம பாட்டு ஏது? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில பிறந்த பைலாவை எடுத்துக்கோங்க. சிலோன் மனோகர் பிரபலமாக்கின 'சுராங்கனி' மூணு கார்டுக்குள்ள அடங்கிரும். ஜி, சி, டி தெரிஞ்சா கல்யாண வீட்டுல ஆட்டம் போட வச்சிரலாம்.

இன்னொரு கேள்வியும் வரும். "ஆம்பளைக் குரலுக்கு அஞ்சு கட்டை எட்டாதே?" நியாயம்தான். அதுக்குத்தான் கேப்போ இருக்கு. அஞ்சாவது ஃப்ரெட்ல மாட்டினா இதே விரல்கள் ஒரு கட்டை. ஏழாவதுல மாட்டினா ரெண்டு கட்டை. விரலுக்கு ஒரே பாடம், குரலுக்கு வேணுங்கிற சுருதி.

இதுல ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கு. மலிவு கிட்டார்ல தந்திக்கும் பலகைக்கும் இடைவெளி அதிகம். முதல் ஃப்ரெட்ல அமுக்குறதுக்கு உயிர் போகும், எஃப் பிடிக்க வேண்டியது அங்கதான். நல்ல கிட்டார் வாங்க வசதியுள்ள பிள்ளை எப்படியோ தாண்டிரும். மாமா பழசாக் குடுத்த கிட்டாரை வச்சிருக்க பிள்ளை "எனக்கு சங்கீதம் வராது"ன்னு முடிவு பண்ணிரும். வராதது சங்கீதம் இல்ல, எஃப்! 1927-ல இதே ஊர்ல பிறந்த ஜோசப் பனிமயதாஸ்தான் பின்னாடி சந்திரபாபுவாகி யோடலிங்ல கலக்கினார். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு சங்கீதம் வராதுன்னு யாரும் சொல்லிர முடியாது.

எஃப் கத்துக்கவே வேண்டாம்னு சொல்லல. ஆறு மாசம் கழிச்சு, விரல் காய்ச்ச பிறகு, பத்துப் பாட்டு கைவசம் இருக்கும்போது கத்துக்கட்டும். அப்ப விட்டுட்டு ஓட மாட்டான்.

பி.கு: கடற்கரை ஊர் மக்களே, வாசிச்சு முடிச்சதும் தந்தியைக் காஞ்ச துணியால துடைச்சு வைங்க. உப்புக் காத்துக்கும் கை வேர்வைக்கும் தந்தி சீக்கிரம் துரு பிடிச்சிரும். துருப்பிடிச்ச தந்தியில ஜி-யும் எஃப் மாதிரிதான் வலிக்கும் :-)

சி கட்சிக்காரங்க சண்டைக்கு வரலாம். கேப்போவோட காத்திருக்கேன்.