‘தைரியமாகக் கேள்’ என்று வகுப்பெடுப்பவர்களுக்கு

இன்டர்ன்ஷிப் போகும் மாணவர்களுக்கு எல்லோரும் ஓர் அறிவுரை வைத்திருக்கிறார்கள். தயங்காமல் பேசு, உனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கு என்கிறார்கள். அலுவலகத்தில் யார் பேசினாலும் ஒரே மாதிரிதான் காதில் விழும் என்று நம்புகிறவர்கள் சொல்லும் அறிவுரை இது. அது பொய்.

முதுகலை முடித்த கோடையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் மூன்று மாதம் இன்டர்னாக இருந்தேன். உதவித்தொகை கிடையாது. என் அறை வாடகைக்கு அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். என்னோடு சேர்ந்த இருவருக்குக் கூட்டங்களில் நாற்காலி. எனக்குச் சேரிகளில் களப்பணி. “உங்க ஆளுங்கதானே, உன்கிட்டதான் மனசு விட்டுப் பேசுவாங்க” என்றார் மேலாளர். நாற்பது நேர்காணல்களை எடுத்து, எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுத்தேன். அறிக்கையில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, “முதல்ல வேலையைக் கத்துக்கோ தம்பி” என்றார். அதே வாரம் இன்னொரு இன்டர்ன் அவருடைய ஆய்வுமுறையையே மறுத்துப் பேசினார். அதைத் தலைமைப் பண்பு என்று பாராட்டினார்கள். நான் கேட்டதைத் திமிர் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை. சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் அவர் கையில் இருந்தன. இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்பவர்கள், இந்த வேலை போனால் மாமாவின் அலுவலகத்தில் இடம் உண்டு என்று தெரிந்தவர்கள்.

1917-இல் கொலம்பியாவில் படித்துவிட்டு வந்து பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தார் அம்பேத்கர். தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். நகரத்தில் வேறு இடம் கிடைக்காமல், வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். அவருக்கா பேசத் தெரியாது?

அப்படியானால் அடங்கிப் போகச் சொல்கிறேனா? இல்லை. தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள் என்கிறேன். என்ன வேலை, எவ்வளவு உதவித்தொகை, அறிக்கையில் பெயர் வருமா என்பதைச் சேரும்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே எழுதி அனுப்பி வையுங்கள். கேட்கும்போது உடன் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி கிடைத்த தோழர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று அந்த இருவரில் ஒருவர் “இவர் பெயர் எங்கே?” என்று கேட்டிருந்தால், அதைத் திமிர் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், சம்பளமே வாங்காத பயிற்சியாளரையும் பணியாளர் என்று ஏற்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம் என்கிறது. பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது. சாதிப் பாகுபாட்டை விசாரிக்கத் தனியார் அலுவலகத்தில் அப்படியொரு குழு கட்டாயமில்லை. நாமும் போராடித்தான் பெற வேண்டும்.

விளிம்புநிலை மக்களைப் பற்றி அறிக்கை எழுதும் நிறுவனங்களே, முதலில் இன்டர்னுக்குக் காசு கொடுங்கள். உழைத்தவர் பெயரைப் போடுங்கள். புகார்க் குழு அமையுங்கள். தைரியத்தைப் பற்றி அதற்குப் பிறகு எங்களுக்கு வகுப்பெடுக்கலாம்.